பச்சைக்காரன் வரி

அந்த ஜப்பானியப் பாட்டுக்குழுவில் ஐந்து பேர், ஆளுக்கொரு நிறம். பச்சைக்காரன் விலகிப்போய் வருஷக்கணக்காகியும் பாட்டில் அவன் பாடும் வரியை மற்ற நால்வரும் தொடுவதில்லை. அந்த இடம் வந்தால் வாயை மூடிக்கொள்வார்கள். கூட்டம் பச்சை விளக்குகளைத் தூக்கிப் பிடிக்கும்.

அர்த்தம் தெரியாமலேயே அந்தப் பாட்டுகளை மனப்பாடம் செய்து பங்கு பிரித்துக்கொண்டவர்கள் யமுனாவும் அவள் அக்காவும். பச்சை, அக்காவுடையது. விரும்பியவனோடு அக்கா வீட்டைவிட்டுப் போன அன்று துணிமணியெல்லாம் அப்படியே கிடந்தன. தலைமாட்டிலிருந்த பச்சை விளக்கை மட்டும் காணோம். அமுக்கினால் ‘டொக்’கென்று சத்தம் போடும் கைவிளக்கு.

அதற்கப்புறம் யமுனா எப்போது பாடினாலும் பச்சை வரியில் நிறுத்திவிடுவாள்.

“முழுசாத்தான் பாடித் தொலையேன்டி” என்பாள் அம்மா.

“அது என் வரி இல்லம்மா.”

இன்று மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எதிர்முனையில் பேச்சே இல்லை.

“யாரும்மா போன்ல?” கூடத்திலிருந்து அப்பா கேட்டார்.

அக்கா பேரை அந்த வீட்டில் எடுக்கக் கூடாது. யமுனா பாட ஆரம்பித்தாள். பச்சை வரி வந்ததும் நிறுத்தி, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம், ‘டொக்.’