செல்லமுத்துவின் வயிறு

தான் போன பிறகு மிளகுக் கொடிகளை யார் பார்த்துக்கொள்வது, மரவள்ளியை எந்த வியாபாரிக்குப் போடுவது என்பதையெல்லாம் ஸ்கேன் அறை வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே சொல்லி முடித்தார் செல்லமுத்து. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பானுமதி எல்லாவற்றுக்கும் ‘உம்’ கொட்டினாள்.

பிழைப்போம் என்ற நம்பிக்கை அவருக்குத் துளியும் இல்லை. போன வருஷம் அண்ணன் சின்னுசாமிக்கும் இப்படித்தான் வயிற்று வலி வந்தது. துடியாய்த் துடித்தவர், வலி விட்டுவிட்டது என்று சொல்லிக் கஞ்சிகூடக் கேட்டார். மறுநாள் விடிந்தபோது ஆள் இல்லை. இரைப்பையில் ஓட்டை விழுந்திருக்கும் என்று ஊர் நர்சம்மா பிறகுதான் சொன்னார்.

மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும்போது செல்லமுத்து வளைவுக்கு வளைவு ஊரைக் கூட்டினார். அடிவாரத்துக் காரவள்ளியில் டீக்கடையைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொல்லி, தன் பன்னோடு பானுமதி தொடாமல் வைத்த பன்னையும் சேர்த்தே தின்றார். சாகப்போகிறவனுக்குப் பத்தியம் எதற்கு என்பது அவர் வாதம்.

வலி மாத்திரை போடுகிற பழக்கம் உண்டா என்று ஆஸ்பத்திரிக்கு வந்ததுமே டாக்டர் சங்கீதா விசாரித்திருந்தார். முட்டி வலிக்குச் சந்தையில் வாங்கித் தினமும் போடுவது பானுமதிதான், தான் எப்போதாவது அவளிடம் ஒன்று கேட்டுப் போட்டுக்கொள்வதோடு சரி என்றார் செல்லமுத்து. ஓட்டை இருந்தால் உள்ளே இருக்கிற காற்று வெளியே கசிந்து படத்தில் கறுப்பாகத் தெரிந்துவிடும் என்று சொல்லி, ஸ்கேனுக்கு அனுப்பினார் டாக்டர்.

உள்ளே தள்ளிக்கொண்டு போகும் முன் பானுமதியின் கையைப் பிடித்தார். சில்லென்று வேர்த்திருந்தது. புருஷன் போகப்போகிறான் என்றால் யாருக்குத்தான் வேர்க்காது? இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

படம் வந்தது. டாக்டர் வெளியே வந்து அவரிடம் சொன்னார்.

“ஐயா, ஓட்டை கீட்டை ஒண்ணும் இல்லீங்க. லேசான புண்ணுதான், மருந்துலயே ஆறிரும்.”

செல்லமுத்து நாலு பேர் பார்க்க வாய்விட்டு அழுதார். அழுகை ஓய்ந்ததும் அண்ணன் ஞாபகம் வந்தது.

“அப்ப எங்க அண்ணனுக்கு வலி நின்னும் உசுரு போச்சே, அது எப்படிங்க?”

“அதுதாங்க ஏமாத்தறது. ஓட்டை விழுந்ததும் தாங்க முடியாத வலி வரும், அப்புறம் கொறஞ்சிரும். சரியாயிருச்சுன்னு ஊட்டுலயே இருந்துருவாங்க. அதுக்குள்ள வயிறு பூராம் சீழ் புடிச்சிரும். ஒரு ராத்திரி தாண்டிட்டா, பெரும்பாலும் எங்களால ஒண்ணும் பண்ண முடியறதில்லீங்க.”

அண்ணனின் விதி அது, தன் விதி கெட்டி என்று செல்லமுத்து மனசைத் தேற்றிக்கொண்டார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஊட்டுக்குப் போகலாம் வா என்று பானுமதியைக் கூப்பிட்டார்.

அவள் எழுந்திருக்கவில்லை. சேலைத் தலைப்பை வயிற்றோடு அழுத்திப் பிடித்தபடி டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு நேத்துச் சாயங்காலமே வலி நின்னுபோச்சுங்களே, டாக்டரம்மா.”