முனிரத்தினத்தின் கிணற்றுச் சிப்பி

ஆரணியை ஒட்டிய முனிரத்தினத்தின் கிணற்றில், சென்னைக் கல்லூரிப் பெண் ஒருத்தி வலைப்பை நிறையச் சிப்பிகளைத் தொங்கவிட்டுப் போனாள். அன்றிலிருந்து பக்கத்து நிலத்துக்காரர் தேவராஜுக்குத் தூக்கமே இல்லை.

“முத்து வளர்த்துகினு இருக்கான்டி! நம்மகிட்ட ஒரு வார்த்தை சொன்னானா பாரு!” என்று மனைவி கமலத்திடம் பொருமினார்.

முனிரத்தினம் வேலூர் போன அன்று, தேவராஜ் பையைத் தூக்கிவந்து எல்லாச் சிப்பிகளையும் பிளந்தார். ஒரு முத்துகூட இல்லை. வீணாக்குவானேன் என்று சதையை வறுக்கச் சொல்லித் தின்று தீர்த்தார்.

மறுநாள் அந்தப் பெண் வந்து, பையைக் காணோம் என்று தேவராஜிடம் பதறினாள்.

“யாராவது தின்னுடப் போறாங்க சார்! தண்ணியில இருக்கிற விஷமெல்லாம் சிப்பி உடம்புல சேர்ந்துடும். கடலோரத்துல சிப்பிய வெச்சுத்தான் தண்ணி கெட்டிருக்கான்னு கண்டுபிடிப்போம். இங்க சாயத்தண்ணி எவ்ளோ இறங்குதுன்னு பார்க்க வெச்சிருந்தேன்.”

தேவராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கிணற்றுப் பக்கம் இருந்த ஒரே சாயப்பட்டறை அவருடையதுதான்.