பழுப்புப் பூ

"நுனி கூரா இருக்கா, குண்டா இருக்கா?" என்று கணவன் கேட்டான்.

அவள் கைப்பேசியைத் தொட்டியின் கண்ணாடிக்கு இன்னும் அருகே கொண்டுபோனாள். பவளங்களுக்கு நடுவே, பாறை இடுக்கிலிருந்து அந்தப் பழுப்புப் பூ கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய தண்டு. தலையைச் சுற்றி மயிர்போல் விரல்கள்.

"கூராத்தான் இருக்கு."

"தொட்டா?"

நீளக் குச்சியால் ஓரமாகத் தொட்டாள். இருந்த இடம் தெரியாமல் பாறைக்குள் போய்விட்டது.

அப்படியானால் சந்தேகமே இல்லை, பூவே இல்லை அது, களை அனிமோன் என்ற கடல்பிராணிதான் என்றான். கடைசியாக வாங்கிய பாறையோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். விட்டுவைத்தால் பக்கத்துப் பவளங்களைக் கொட்டிக் கொட்டியே கருக்கிவிடும். சுரண்டி எடுக்கலாம் என்று மட்டும் நினைக்காதே, பிய்ந்த துணுக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைத்துக்கொள்ளும் என்றான்.

அன்றைக்குத்தான் வெகுநாளைக்குப் பிறகு அவன் இவ்வளவு பேசிக் கேட்டாள்.

வேலை மாற்றலாகிப் போனபோது இந்தக் கடல்நீர்த் தொட்டியை அவளிடம் விட்டுப்போயிருந்தான். அங்கே கம்பெனி கொடுத்த அறையில் ஒரு கட்டிலும் மேசையும் போக நிற்கக்கூட இடமில்லை என்றான். நானும் வருகிறேன் என்று அவள் சொன்னபோதெல்லாம் அந்தக் கட்டிலும் மேசையும்தான் குறுக்கே வந்தன.

முதலில் தினமும் முகம் பார்த்துப் பேசினான். பிறகு நெட் சரியில்லை என்று கேமராவை அணைத்தான். பிறகு, அவள் கூப்பிட்டால் எடுத்தான்.

இந்தப் பூ முளைத்த பிறகுதான் அவனாகக் கூப்பிட ஆரம்பித்தான். படம் அனுப்பு என்பான். பெரிதாகியிருக்கிறதா என்பான். வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் பாறையைத்தான் போய்ப் பார்த்தாள். ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றானபோது பயமாக இருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாதபடி கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

இன்று அவளுக்கு விடுமுறை. இன்றைக்கே முடித்துவிடு என்று அவன் சொல்லிவிட்டான்.

அந்தப் பூக்களைக் கொல்ல, அவன் சொன்னபடி சுண்ணாம்பைக் கொஞ்சம் நீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்து, சிரிஞ்சில் ஏற்றிவைத்திருந்தாள். பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க ஊரார் கையில் ரத்தம் எடுப்பவள் அவள். ஊசி பிடிப்பதில் ஒன்றுமில்லை.

"எல்லா பம்ப்பையும் நிறுத்திடு. தண்ணி ஓடுச்சுன்னா சுண்ணாம்பு கலைஞ்சு பவளத்து மேல விழுந்துடும்."

கைப்பேசியின் ஸ்பீக்கரைப் போட்டு அதை அலமாரியில் சாய்த்துவைத்தாள். குனிந்து, தொட்டிக்கு அடியிலிருந்த சுவிட்சுகளை வரிசையாக அணைத்தாள்.

தண்ணீர் நின்றது. எப்போதும் ஆடிக்கொண்டேயிருக்கும் பவளங்கள் நின்றன. மீன்கள் என்னவோ ஏதோ என்று ஒரு மூலையில் கூடின.

சத்தம் மட்டும் நிற்கவில்லை.

எதையோ விட்டுவிட்டோம் என்று மறுபடி குனிந்து பார்த்தாள். எல்லாம் அணைந்துதான் இருந்தன. பிளக்குகளையும் பிடுங்கினாள். பம்ப்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அதிர்வே இல்லை.

ஆனாலும் அந்த முனகல் கேட்டது. நடுநடுவே தண்ணீர் மேலேயிருந்து கீழே விழும் களக், களக்.

அது கைப்பேசியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"நிறுத்திட்டியா?"

"ம். நிறுத்திட்டேன்."

"சரி, மேல நிழல் விழாம கைய விடு. நேரா வாயில போடணும்."

மின்விசிறியாக இருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தாள். குழாயாக இருக்கலாம். ஆனால் அந்தச் சத்தத்தோடுதான் அவள் தூங்கி எழுகிறாள். மேல்தொட்டியின் நீர் அடியிலுள்ள வடிகட்டும் தொட்டியில் விழும் சத்தம் அவளுக்குத் தெரியாதா. இவ்வளவு நாளும் இந்த வீட்டு பம்ப், அந்த வீட்டு பம்ப்பை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

படுத்து எழும் அறையில் யாரும் கடல்நீர்த் தொட்டி வைத்துக்கொள்வதில்லை. வற்றிய நீரை நாள்தோறும் நிரப்ப வேண்டும். கண்ணாடி துடைக்க வேண்டும். வேளைக்கு இரை போட வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.

அவள் சிரிஞ்சை எடுத்துக் கையைத் தொட்டிக்குள் விட்டாள். பூ மறுபடி விரிந்திருந்தது. ஊசிமுனையை அதன் வாயருகே கொண்டுபோனாள். "சுருக்குன்னு இருக்கும், அவ்வளவுதான்" என்று பழக்கதோஷத்தில் உதடு முணுமுணுத்தது. பூ சுண்ணாம்பை இரைபோல அணைத்துக்கொண்டு சுருங்கியது. வெளுத்த முடிச்சாகிப் பாறைக்குள் அமிழ்ந்தது.

அடுத்தது. அதற்கடுத்தது.

"முடிஞ்சுது" என்றாள்.

"அப்பாடா. இனிமே தொந்தரவு இல்ல. அரை மணி கழிச்சு பம்ப்பப் போட்டுடு. வச்சிடவா?"

அவள் முழங்கை வரை ஈரமாக இருந்த கையைத் துண்டில் துடைத்தாள். விரல் விரலாகத் துடைத்தாள்.

"உங்க தொட்டியில இது வரலையா?"

அவன் பேசாத இடத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

பிறகு, வெட்டினாற்போல் அதுவும் நின்றது.

அவள் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். அழைப்பு துண்டிக்கப்படவில்லை. கறுத்த திரையில், அவன் பெயருக்குப் பக்கத்தில், மைக் படத்தின் குறுக்கே ஒரு சின்னக் கோடு விழுந்திருந்தது.

பம்ப்பைப் போடாமல், அந்தக் கோடு விலகட்டும் என்று அவள் காத்திருந்தாள்.