வாத்தியாருக்கு ஒரு வீடு

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அது தனியா இருக்க வேண்டி வரும்?"

கேட்டுவிட்டு அவள் பேனாவைத் திறந்தாள். எதிர் நாற்காலியின் நுனியில் லாரி டிரைவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தொட்ட ஆள். மூன்று நாள் தாடி. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கைகளைத் தொடை மேல் வைத்திருந்தார்.

"வண்டி எடுத்துட்டுப் போனா நாலு நாள், அஞ்சு நாள்கூட ஆயிடும்மா."

"அப்போ யாரு பார்த்துப்பாங்க?"

"பக்கத்து ரூம்ல ஒருத்தர் இருக்காரு. சொன்னா சோறு வைப்பாரு."

"சொல்லலைன்னா?"

டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டார். அவள் நோட்டில் எழுதினாள்.

வாரத்தில் ஆறு நாள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. ஏழாவது நாள் முழுக்க இதுதான். யாரோ கைவிட்டுப் போன ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களை வீட்டில் வைத்துத் தேற்றி, நல்ல இடமாகப் பார்த்து அனுப்பிவைப்பாள். இதுவரை பதிமூன்று போயிருக்கின்றன. ஆள் வாசலைத் தாண்டுவதற்குள் தேறுவாரா மாட்டாரா என்று சொல்லிவிடுவேன் என்பாள். பெரும்பாலும் தப்பியதில்லை.

அவள் காலடியில் படுத்திருந்தவன் பதினாலாவது. ஒரு காது மடங்கி, மூக்கின் மேல் நரை தட்டி, வருகிறவர்களையெல்லாம் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளைப் போலப் பார்ப்பான். அதனால் வாத்தியார் என்று பேர். மூடிப்போன தொழிற்சாலையின் கேட்டருகே எலும்பும் தோலுமாகக் கிடைத்தவன்.

"இவனுக்கு இடுப்பு எலும்பு சரியில்ல. படி ஏறக்கூடாது. உங்க ரூம் எத்தனாவது மாடி?"

"மூணாவது."

"லிஃப்ட் இருக்கா?"

"இருக்கு. ஓடாது."

சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்த அவள் கணவன் சிரித்துவிட்டான். "ஏம்மா, பொண்ணு குடுக்கறப்ப உங்க அப்பா என்கிட்டகூட இவ்வளவு கேக்கலையே."

"கேட்டிருக்கணும்" என்றாள், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

டிரைவர் டீயை வாங்கிக்கொண்டார். "வர்றவங்க எல்லாரையும் இப்படித்தான் கேப்பீங்களாம்மா?"

"முதல் நாயை ஒண்ணுமே கேக்காமதான் குடுத்தேன். நல்ல சட்டை, நல்ல கார், தேன் ஒழுகற பேச்சு. ஆறு மாசம் கழிச்சுப் போய்ப் பார்த்தா, ஒரு குடோன் பின்னால ரெண்டடி சங்கிலியில கட்டிப் போட்டிருந்தாங்க. கழுத்துப் பட்டை தோலோட ஒட்டியிருந்தது. நான்தான் கத்தரிச்சு எடுத்தேன்."

"அப்புறம்?"

"கூட்டிட்டு வந்துட்டேன். நாலு வருஷம் இங்கதான் ராணி மாதிரி இருந்துட்டுப் போனா."

டிரைவர் டம்ளரைக் கீழே வைத்தார். "இவனை மாதிரி வயசானதுக்கு யாருமே வரலைன்னா?"

"வரலைன்னா என்ன? இங்கயே இருப்பான். எப்பாடு பட்டாவது தள்ளி விட்டுடணும்னு நான் ஒண்ணும் தவம் கிடக்கல."

"குடுத்த பிறகு?"

"மாசம் ஒருதடவை சொல்லாம கொள்ளாமப் போய் நிப்பேன். மனசுக்குப் பிடிக்கலைன்னா அப்பவே கூட்டிட்டு வந்துடுவேன். எழுதிக் கையெழுத்து வாங்கிட்டுதான் அனுப்பறது."

வாத்தியார் மெல்ல எழுந்து டிரைவரிடம் போனான். அவருடைய பேன்ட்டைக் கணுக்காலிலிருந்து முட்டி வரைக்கும் வரி வரியாகப் படிப்பது போல மோந்து பார்த்தான். பிறகு அவர் முட்டியில் மோவாயை வைத்துவிட்டான். டிரைவரின் விரல்கள் அந்த மடங்கிய காதுக்குப் பின்னால், அவனுக்குப் பிடித்த இடத்தில் போய் நின்றன.

"வாத்தியாரே பாஸ் போட்டுட்டாரு" என்றான் கணவன்.

அவளுக்கும் ஒரு நிமிடம் மனசு இளகத்தான் செய்தது. இந்த மனிதர் நாயை அடிக்கிறவர் இல்லை, கட்டிப் போடுகிறவரும் இல்லை. ஆனால் மூன்றாவது மாடி. ஐந்து நாள் தனிமை. நோட்டை மூடினாள்.

"அண்ணா, நீங்க நல்லவர். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா நாயைத் தர மாட்டேன்."

"ஒரு வாரம் குடுத்துப் பாருங்களேன். சரிப்படலைன்னா திருப்பிக் கொண்டாந்துடறேன்."

"ஒரு நாள்கூட முடியாது. குடுத்துட்டுத் திருப்பி வாங்க, அவன் என்ன குடையா? நல்ல மனசு மட்டும் போதாதுண்ணா, வீட்ல ஆள் இருக்கணும்."

வழக்கமாக இந்த இடத்தில்தான் ஆட்கள் குரலை உயர்த்துவார்கள். தெருநாய்க்கு இருக்கிற மரியாதைகூட மனுஷனுக்கு இல்லையா என்பார்கள். அவளும் அதற்குத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தாள். டிரைவர் சத்தம் போடவில்லை. பல நாள் பாரத்தை இறக்கி வைத்தவர் போல ஒரு பெருமூச்சு விட்டு எழுந்தார்.

"வண்டி வரைக்கும் கொஞ்சம் வர்றீங்களாம்மா?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தோளைக் குலுக்கினான். மூவரும் தெருமுனைக்கு நடந்தார்கள். மர நிழலில் லாரி நின்றது. இரண்டு பக்கமும் கண்ணாடியை இறக்கி விட்டிருந்தார். டிரைவர் ஏறிக் கதவைத் திறந்தார்.

சீட்டில் நாலாக மடித்த கம்பளி மேல் ஒரு இளம் பெட்டை ஷெப்பர்டு படுத்திருந்தது. முன்னங்காலில் சுத்தமான கட்டு. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். அவரைக் கண்டதும் வால் இரண்டு தரம் சீட்டில் தட்டியது.

"ரோட்டோரமா அடிபட்டுக் கெடந்துச்சு. பதினோரு நாளா என்கூடதான் சுத்துது" என்றபடி அதைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு இறங்கினார். "வழியில உங்களை மாதிரி நாய் பார்த்துக்கறவங்க நாலு பேர்கிட்டப் போய், எனக்கு ஒரு நாய் வேணும்னு கேட்டேன். நாலு பேரும் மறுபேச்சுப் பேசாம கயித்தை என்கிட்ட நீட்டினாங்க. தர மாட்டேன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான், இவளைப் பிடிங்கம்மா."