நாமா, நாங்களா?

"உன் பாட்டுல வர்ற இந்த இங்கிலீஷ் ‘வீ’ங்கிறது யாரு, மாப்ள?" என்று கேட்டார் லெராய்.

ஆர்லனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. மனைவியின் அண்ணன் கையில் இருந்தது அவன் எழுதிய கவிதை. அமெரிக்கா பிறந்து வளர்ந்த கதையைப் பாட்டாகப் பாடி, குளிர்காலம் முழுக்க ஹார்டுவேர் கடைக் கல்லாவில் உட்கார்ந்து எழுதியது. ஜூலை நாலாம் தேதி ஊரின் நூற்றைம்பதாம் ஆண்டு விழா. ஆர்லன் அதை ஆங்கிலத்தில் வாசிப்பான்; பிறகு லெராய் தன் பூர்வகுடி மொழியான ஒஜிப்வேயில் வாசிப்பார்.

"‘வீ’ன்னா ‘வீ’தான் மச்சான். எல்லாரும்."

"உங்க இங்கிலீஷுக்கு ஒரு சொல்லு போதும். எங்க பேச்சுல ரெண்டு இருக்கு. ‘நாம’ன்னா கேக்குறவனும் உள்ள. ‘நாங்க’ன்னா கேக்குறவன் வெளிய. எதைப் போடட்டும்?"

"‘நாம’தான். யாரையாவது வெளிய நிறுத்தவா எழுதினேன்?"

"சரி. ‘கடல் கடந்து வந்தோம்’னு எழுதியிருக்கே. நாம வந்தோமா? நான் எந்தக் கப்பல்ல வந்தேன்?"

அடுப்பருகே நின்றிருந்த அவன் மனைவி மேவிஸ் களுக்கென்று சிரித்தாள்.

"அந்த வரிக்கு மட்டும் ‘நாங்க’ போட்டுக்குங்க" என்றான் ஆர்லன்.

"வாசிக்கிறது நானாச்சே. நான் ‘நாங்க’ன்னா எங்க ஆளுங்க கப்பல்ல வந்த மாதிரியும், உங்க ஆளுங்க ஆதியிலேருந்து இங்கயே ஏரியில காட்டரிசி அறுத்த மாதிரியும்ல ஆயிடும்?"

ஆர்லன் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். மச்சான் சொல்வது சரிபோலவும் இருந்தது, தன் காலை வாருவது போலவும் இருந்தது.

"அப்ப என்னதான் போடுறது?"

"‘அவங்க வந்தாங்க’ன்னு போட்டுடலாம்."

"என் கவிதையில நானே ‘அவங்க’ளா?"

"‘எதிரியை விரட்டி ஏரிக்கரை பிடிச்சோம்.’ இதுல எதிரி யாரு, எங்க தாத்தாவா?"

எழுதும்போது அந்த வரி என்னவோ கம்பீரமாகத்தான் இருந்தது. இப்போது காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தான். "அதுக்கும் ‘அவங்க’தான்" என்றான் சுரத்தில்லாமல்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. ஆனால் இந்தப் பூதத்தை அவன் எப்படியாவது சமாளித்தே ஆகவேண்டும். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு ஜூலை நாலாம் தேதி விழாவில் வேறு யாரோ ஒருவர் தேசத்தின் பெருமையைப் பாடினார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒஜிப்வேக்காரர்கள் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். அப்போது புதுப் பெண்டாட்டியாக இருந்த மேவிஸும் அவர்களோடு போய்விட்டாள். திரும்பி வந்த பிறகும் பல நாள் வாய் திறக்கவில்லை. "இந்தத் தடவையும் அவங்க எழுந்தா நானும் எழுந்துடுவேன்" என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். ஆர்லனுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

"‘போருக்குப் பிள்ளைகளை அனுப்பி வாசலில் காத்திருந்தோம்’" என்று படித்தார் லெராய். இந்த முறை அவர் எதுவும் கேட்கவில்லை. "இது ‘நாம’" என்று தானே சொல்லிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார்.

கடைசி வரி வந்தது: இந்த மண் நமது.

"மச்சான், இதுல மட்டும் கை வைக்காதீங்க. ‘நம்ம’தான். கேக்குறவங்க எல்லாரும் உள்ள."

"கேக்குறவங்க எல்லாருமா?"

"ஒருத்தர் விடாம."

"வாக்குக் கொடுத்துட்டேன், போ. நீ சொன்னபடியே."

விழாவன்று ஏரிக்கரைப் பூங்காவில் ஆர்லன் ஆங்கிலத்தில் வாசித்து முடித்தபோது ஊர்க்காரர்கள் மரியாதைக்குக் கை தட்டினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்தார் கைகளைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். மேவிஸ் அவர்களோடுதான் உட்கார்ந்திருந்தாள்.

லெராய் மைக்கைப் பிடித்தார். முதல் வரிகளுக்கு அங்கே லேசாகச் சிரிப்பு ஓடியது. போர் வரிக்குப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசி வரியைச் சொன்னார். பிறகு அந்தப் பக்கம் முழுவதும் எழுந்து நின்றது.

போச்சு, கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்தான் ஆர்லன்.

யாரும் கிளம்பவில்லை. ஆண்கள் தொப்பியைத் தூக்கிப் போட்டார்கள். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள். அதைப் பார்த்து ஊர்க்காரர்களும் எழுந்து, ஒரு சொல்லும் புரியாமலேயே, இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். நகரத் தலைவி உணர்ச்சிவசப்பட்டு மைக்கைப் பிடுங்கினார். அந்தக் கடைசி வரியை அந்த மொழியிலேயே ஊர் எல்லைக் கல்லில் செதுக்கப்போவதாக அறிவித்தார். மறுபடியும் ஒரே சிரிப்பும் கைதட்டலும்.

அவன் கவிதை ஜெயித்துவிட்டது. எப்படி ஜெயித்தது என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. சிரிக்கும்படி அதில் ஒன்றுமே இல்லையே. மேவிஸைக் கேட்டால், "எங்கண்ணனையே கேளு" என்று மறுபடி சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அது போதும்தான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

சாப்பாட்டு வரிசையில் லெராயைப் பிடித்தான்.

"மச்சான், உண்மையைச் சொல்லுங்க. கடைசி வரியில ‘எங்க மண்ணு’ன்னு மாத்திட்டீங்களா?"

"வாக்குக் கொடுத்தவன் மாத்துவேனா? ‘இந்த மண் நம்மது’ன்னுதான் சொன்னேன். வேணும்னா உன் பெண்டாட்டியையே கேட்டுக்க."

"கேக்குறவங்க எல்லாரையும் சேத்துத்தானே?"

"ஒருத்தர் விடாம."

"அப்புறம் எதுக்கு அப்படிச் சிரிச்சாங்க?"

லெராய் தட்டில் இன்னொரு பொரித்த ரொட்டியை எடுத்து வைத்துக்கொண்டார்.

"என் பேச்சு புரிஞ்சு கேட்டது எங்க ஆளுங்க மட்டும்தானே, மாப்ள."