வாடகைக்குத் தகுந்த ஆள்

இடுப்பில் தொங்கிய திறப்புக் கோர்வையைக் குலுக்கியபடி ஆழ்வாப்பிள்ளை தான் குடியிருக்கும் வீட்டின் மேற்குப் பக்கத்து அறையைத் திறந்துவிட்டார். உள்ளே போகும்படி மட்டும் சொல்லவில்லை. வந்தவர் வாசலில் நின்றே எட்டிப் பார்த்தார்.

வந்தவர் பெயர் சில்வெஸ்ரர். ஊர்காவற்றுறைத் தபால்கந்தோருக்கு மாற்றலாகி வந்திருந்த, கணக்கெழுதும் சின்ன லிகிதர். புளியங்கூடல்வரை சைக்கிள் உழக்கி வந்ததில் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. அரசாங்கக் கச்சேரியில் தலைமை லிகிதராக இருந்து இளைப்பாறிய ஆழ்வாப்பிள்ளைக்கு, அந்தச் சேட்டின் பிய்ந்த கொலரைப் பார்த்தவுடனேயே ஆளின் விலை தெரிந்துவிட்டது.

"இந்தப் பக்கத்திலை இரண்டு அறை, குசினி, தனிக்கிணறு. இந்த விறாந்தையிலைதான் என்ரை மகளின்ரை கலியாணம் நடந்தது. ஊரே வந்து சாப்பிட்டது."

"ஓம் ஐயா. மாதம் அறுபது ரூபாயெண்டு உங்கடை மகள் கந்தோருக்கு வந்தநேரம் சொன்னவ."

"அவ சொல்லுவா. கொழும்பிலை இருந்து லீவிலை வந்து நிக்கிற பிள்ளை, ஆள் தராதரம் தெரியாது. உமக்கு என்ன சம்பளம்?"

"நூற்றித் தொண்ணூறு. அம்மாவுக்கு நாற்பது குடுக்கவேணும்."

"சைக்கிள் காசு கட்டி முடிஞ்சுதோ?"

சில்வெஸ்ரர் தலையைக் குனிந்தார். "இல்லை ஐயா. மாதம் பதினைஞ்சு போகுது."

"அப்ப வாடகையும் போக மிச்சம் எழுபத்தைஞ்சு. அதிலைதான் நீரும் பெண்சாதியும் தின்னவேணும், உடுக்கவேணும்."

"மாசியிலை பிள்ளை பிறக்கப்போகுது ஐயா. மண்டைதீவிலை அக்கா வீட்டிலை ஒரு அறைக்குள்ளை எட்டுப் பேர் படுக்கிறம். சிகரெட்டை விட்டிட்டன். கூப்பன் அரிசி கிடைக்கும். எப்பிடியும் சமாளிப்பன்."

ஆழ்வாப்பிள்ளை சிரித்தார். காறித் துப்பியிருந்தால்கூட அதைவிட மரியாதையாக இருந்திருக்கும்.

"முதலிலை பிள்ளையின்ரை பால்மாவுக்கு வழி பாரும். வக்கில்லாத ஆக்களுக்குக் கல்வீட்டு ஆசை ஏன்? கடற்கரைப் பக்கம் ஒரு கொட்டில் போடும், உமக்கு அது காணும்."

சில்வெஸ்ரருக்கு முகம் கறுத்தது. ஆனாலும் சேட்டுப் பைக்குள் இருந்து மடித்த தாள்களை எடுத்தார். "இரண்டு மாத முற்பணம் கொண்டுவந்தனான். வீடு உங்கடை பேரிலைதானே ஐயா? உங்களிட்டையே தந்திட்டுப் போறன்."

"அத்திவாரக் கல்லிலையிருந்து நான் கட்டினது. காசைப் பைக்குள்ளை வையும். மூண்டாம் மாதம் உம்மடை சட்டி பானையைத் தூக்கி வெளியிலை வைக்க என்னாலை ஏலாது."

சில்வெஸ்ரர் தாள்களைப் பைக்குள் வைத்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையைத் தாண்டிப் போனார்.

குசினியில் இருந்து தேத்தண்ணீரோடு வந்த மகள் இராசேஸ்வரி வெறும் முற்றத்தைப் பார்த்தாள். "எங்கை ஐயா அந்த மனுசன்?"

"கலைச்சுவிட்டன். தன்ரை வருமானம் தெரியாமல் வீடு தேடி வாறான். கண்டதுகளை உள்ளை விடக்கூடாது பிள்ளை."

"நல்லாத்தான் கணக்குப் பார்த்திருக்கிறியள்."

மகள் தேத்தண்ணீரை அவரிடம் நீட்டவில்லை. தானே ஒரு மிடறு குடித்துவிட்டு, அவரை மேலும் கீழும் பார்த்தாள். சற்று முன் அவர் சில்வெஸ்ரரைப் பார்த்த பார்வை அது.

"கொழும்பிலை உங்கடை மருமகன்ரை சம்பளத்திலை பாதி வாடகைக்குப் போகுது. நான் என்ன, பொழுதுபோகாமலே ஆள் தேடினனான்?"

"அதுக்கு என்னை என்ன செய்யச் சொல்லுறாய்?"

"வீடு எனக்குச் சீதனமாய் எழுதினது ஐயா. இனி வாடகையை நீங்கள் தாங்கோ."