மயிலம் கூட்ரோடு

“ஹாரன் அடிச்சிக்கினே வாங்க. பஸ்சுக்காரன் ஒதுங்கிப் போவட்டும்,” என்றாள் பிரபாவதி.

விபத்தில் கால் இழந்தவர்களுக்காக நிதி திரட்டும் சைக்கிள் பயணம் அது. திண்டிவனத்தைத் தாண்டி, விழுப்புரம் நோக்கிக் கடைசி ஆளாக மிதித்துக்கொண்டிருந்தான் தீனதயாளன். அவனுக்குப் பின்னால் ஒட்டியே மெதுவாகக் காரை ஓட்டிவந்தார் பிரபாவதியின் கணவர் தாண்டவராயன்.

“காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலங்க அவன். மயக்கம் போட்டு உழுந்துட்டா?”

“கம்முனு வா பிரபா. நான் ரோட்டப் பாக்கணும்.”

மயிலம் கூட்ரோடு வந்ததும் தீனதயாளன் சட்டென்று சைக்கிளை நிறுத்திவிட்டான். ஒரு வேன் அவனை உரசாத குறையாகக் கடந்து போனது. பிரபாவதி இறங்கி ஓடினாள்.

“ரோட்டுல நிக்கிறியே, ஏறுடா!”

“முடியலம்மா. அன்னிக்கு லாரியில நான் ஹாரன் அடிச்சிருந்தா...”

“அடிச்சிருந்தா எம்புள்ள ஒதுங்கியிருப்பான். நீ அடிக்கல. ஏத்திட்ட.” அவள் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துச் சாலைப் பக்கம் திருப்பினாள். “அவன் சைக்கிள் இந்த எடத்தத் தாண்டல. நீ தாண்டு.”

அவன் பெடலில் கால் வைத்தான்.

பின்னால் தாண்டவராயன் ஹாரனை அழுத்தினார். விழுப்புரம் வரை கையை எடுக்கவில்லை.